உயர்தேர்வு தோஷ நிவர்த்தி

அந்தப் பிப்ரவரியில் ஆக்லாந்துத் தமிழர்கள் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசவில்லை. மார்ட்கேஜ் வட்டியைப் பற்றிப் பேசவில்லை. விசாவைக்கூட மறந்துவிட்டார்கள். ஒரே பேச்சு: பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் ஒரு சாமியார் இறங்கியிருக்கிறார்.

பெயர் கல்விக்கடாட்ச செல்வராஜ சுவாமிகள். பிரிஸ்பேனிலிருந்து வருகிறவர். பேய் ஓட்டமாட்டார். கையிலிருந்து திருநீறு கொட்டமாட்டார். அதெல்லாம் படிக்காதவர்களுக்கு. இவர் படித்தவர்களுக்கான ஸ்பெஷலிஸ்ட். பரீட்சையில் மார்க் குறைந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தருவார். எப்படி என்கிறீர்களா? மார்க்கைத் தொடமாட்டார். மார்க்குக்கும் அட்மிஷனுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் கேதுவை எழுப்பி, வேறு யார் வீட்டுக்காவது அனுப்பிவைப்பார்.

மசாலாக் கடைகளில், அரிசி மூட்டைகளுக்கு மேலே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ‘உயர்தேர்வு தோஷ நிவர்த்தி. இதுவரை நூற்றுக்கு நூறு வெற்றி. இடம் கிடைக்காவிட்டால் தட்சணை வாபஸ்.’ அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. பொடி எழுத்தை யார் படிப்பது? நம்மில் பாதிப்பேர் சாஃப்ட்வேர்க்காரர்கள். முப்பது பக்க நிபந்தனையை ஒரு வரிகூடப் படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திப் பழகிய விரல்கள்.

வரிசையில் நின்றவர்களில் ஓர் இருதய மருத்துவர் உண்டு. இரண்டு ஆடிட்டர்கள் உண்டு. புள்ளிவிவரத்தில் முனைவர் பட்டம் வாங்கிய ஒரு பெண்மணி உண்டு. கருப்புச் சட்டையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, வெளிர்நீலச் சட்டையில் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஒருவன் நின்றான். அந்த மகான் நான்தான்.

பெயர் மாரிசாமி. பிறந்தது அருப்புக்கோட்டை, இப்போது இருப்பது கிளென்ஃபீல்ட். தொழில் ப்ராஜெக்ட் மேனேஜர். உபதொழில் பகுத்தறிவு. போன மாதப் பொங்கல் விழாவில்தான் ‘ஏன் என்று கேள்’ என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் முழங்கினேன். எனக்குக் கொடுத்திருந்தது இருபது நிமிடம். இடையில் ஒரு சீட்டு அனுப்பினார்கள். அதையும் ஏன் என்று கேட்டேன். அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போனதற்காக இன்றுவரை என்னோடு பேசாத குடும்பங்கள் இருக்கின்றன.

அப்படிப்பட்டவன் வாழைப்பழத்தோடு நின்றது எப்படி?

என் மகள் அபிதாவுக்கு இன்ஜினியரிங் படிக்க ஆசை. ஜனவரியில் பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்தது. நல்ல முடிவு. அடுத்த வாரமே பல்கலைக்கழகம் இடம் தந்து கடிதம் அனுப்பியது. இணையத்தில் போய் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. பிப்ரவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி வரை கெடு. தாண்டினால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பிள்ளைக்கு.

அழுத்த அவளுக்கு விரல் இல்லையா என்று கேட்பீர்கள். விரல் அவளுடையது, பூட்டு என்னுடையது. விண்ணப்பக் கணக்கைத் திறந்தபோது, ‘பாதுகாப்புக்காக’ என் செல்பேசி எண்ணைக் கொடுத்துவைத்தேன். யார் உள்ளே நுழைந்தாலும் ஆறு இலக்க எண் ஒன்று என் செல்பேசிக்கு வரும். அதைப் போட்டால்தான் திறக்கும். பதினெட்டு வயதுப் பெண்ணின் எதிர்காலத்துக்கு நான் வாட்ச்மேன்.

“ஷல் ஐ அக்செப்ட், அப்பா?” என்று ஜனவரியிலேயே கேட்டாள்.

“இரும்மா. ஸ்காலர்ஷிப் ரிசல்ட் வரட்டும். அதுல பரிசு கிரிசு அடிச்சா, இன்னும் பெரிய காலேஜ்ல கெத்தா கேக்கலாம்” என்றேன்.

ஸ்காலர்ஷிப் என்பது பள்ளி இறுதித் தேர்வுக்கும் மேலே வைத்திருக்கும் ஒரு கடினமான தேர்வு. விருப்பம் உள்ளவர்கள் எழுதலாம். தேறினால் பரிசுப் பணம் உண்டு. அபிதாவுக்கு விருப்பம் இல்லை. எனக்கு இருந்தது. ஆகவே அவள் எழுதினாள்.

கெடு முடியும் வாரத்தில், செவ்வாய்க்கிழமை அந்த முடிவு வந்தது. கால்குலஸ். ஒன்றுமில்லை. சுத்தமான முட்டை.

“அப்பா, இட் டஸின்ட் கவுன்ட்” என்றாள் அபிதா. அட்மிஷனுக்கு அந்த மார்க்கைப் பார்க்கவே மாட்டார்களாம். டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கவில்லை.

“கணக்குல சேராத பரீட்சைக்கு கவர்மென்ட் எதுக்கும்மா பேப்பர் அடிக்குது?”

என் மனைவி தமயந்தி நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “ஸ்கூலுக்கு ஒரு போனைப் போட்டுக் கேட்டுடுங்களேன். ரெண்டு நிமிஷ வேலை” என்றாள்.

“முட்டை வாங்கினதை ஊர் பூரா விளம்பரம் பண்ணச் சொல்றியா?”

“அப்ப அவ சொல்றதை நம்புங்க.”

“சின்னப் பொண்ணு. அவளுக்கு என்ன தெரியும்?”

தேர்வு எழுதியவளுக்குத் தெரியாது. எழுதாத எனக்குத் தெரியும். இதுதான் என் பகுத்தறிவு.

என்னைச் சொல்லியும் குற்றமில்லை. நான் வளர்ந்த ஊரில், கணக்கில் சேராத தேர்வு என்று ஒன்றைக் கண்டுபிடித்தால் அதைக் கண்காட்சியில்தான் வைப்பார்கள். வாரத் தேர்வு மார்க்குக்கு அப்பா பெல்ட்டைத் தேடுவார். மாடல் பரீட்சை மார்க்கை வைத்துப் பக்கத்து வீட்டில் மரியாதை நிர்ணயம் ஆகும். மேலே இருக்கும் தேர்வு கீழே இருக்கும் தேர்வை விழுங்கும் என்பது எங்கள் இயற்பியல். ப்ளஸ் டூவில் ஆயிரத்துத் தொண்ணூறு வாங்கி, நுழைவுத் தேர்வில் சறுக்கி, மருத்துவம் கைநழுவிக் கம்ப்யூட்டருக்கு வந்த ஜென்மம் நான். பொத்தானை அழுத்தினால் பல்கலைக்கழகம் கோப்பைத் திறந்து இந்த முட்டையைப் பார்க்கும், கொடுத்த கடிதத்தைப் பிடுங்கும் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை ராம்பிரசாத் கூப்பிட்டான். விரி என்ற பேட்டையில் ஒரு பெரிய கிடங்குக்கு மேனேஜர், என் நண்பன். அவன் மகன் ராகேஷுக்கும் அதே முட்டை.

“மாரி, நீ இதெல்லாம் நம்பமாட்டேன்னு தெரியும். இருந்தாலும் சொல்றேன். ஒரு சாமி வந்திருக்காரு...”

“நம்பிக்கை வேற ராம், ரிஸ்க் மேனேஜ்மென்ட் வேற. எத்தனை மணிக்கு?”

போவது நம்புவதற்கு அல்ல, ஆராய்வதற்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆராய்ச்சிக்குத் தேவையான ஐநூற்று ஒரு டாலரை உறையில் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டுத் துறைமுகப் பாலத்தைத் தாண்டினேன்.

மண்டபத்து வாசலில் தொண்டர் ஒருவர் பெரிய மூங்கில் கூடையோடு நின்றார். செல்பேசிகள் எல்லாம் அதில். அலைக்கற்றை வழியாகக் கேது உள்ளே வந்துவிடுவானாம். கோள்களைப் பற்றி எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். அலைக்கற்றையைப் பற்றி அங்கே நாலு பேர் சம்பளமே வாங்குகிறார்கள். ஒருவர் விடாமல் போட்டோம். நிறைந்த கூடையைச் சாமியின் ஆசனத்துக்குக் கீழே வைத்தார்கள். பூஜை முடிந்துதான் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது தகுதிச் சோதனை. “பிள்ளைக்கு யூனிவர்சிட்டி லெட்டர் வந்துடுச்சுங்களா?” என்று தொண்டர் ஒவ்வொருவரையும் கேட்டார். எனக்கு முன்னால் பாக்யலட்சுமி என்ற அம்மா நின்றார். மகனுக்கு எங்கிருந்தும் கடிதம் வரவில்லை என்று சொல்லி அழுதார். அவரை ஓரமாக உட்காரச் சொன்னார் தொண்டர். “உங்க பையனுக்குக் காலம் இன்னும் கனியலைம்மா. லெட்டர் வந்தப்புறம் வாங்க. சாமி இடம் வாங்கித் தருவாரு.”

அந்த வாக்கியத்தை நான் காதால் கேட்டேன். மாதாமாதம் மென்பொருளில் தருக்கப்பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் காது.

முறை இதுதான். தேர்வு முடிவை ஓர் உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கவேண்டும். சாமி திறக்கமாட்டார். வெளிநாட்டில் பிரைவசி முக்கியம் அல்லவா? நெற்றியில் வைத்து, கண்ணை மூடி, கொஞ்சம் நடுங்கி, உள்ளே இருப்பதைச் சொல்வார்.

என் முறை வந்தது. நெற்றியில் உறை. நடுக்கம்.

“பெண் குழந்தை.”

எனக்குப் புல்லரித்தது. உறையின் மேலே ‘செல்வி அபிதா’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

“கணக்குல இடிச்சிருக்கு.”

“ஆமா சாமி!” எனக்கு முன்னால் போன பதினான்கு பேருக்கும் கணக்கில்தான் இடித்திருந்தது.

“லெட்டர் வந்தாச்சில்ல? அப்ப கிரகம் கதவைத் தட்டியாச்சு. நாளைக்குக் காலையில பத்தேகாலுக்கு இங்கேயே ஹோமம். அது முடிஞ்சு பொத்தானை அமுக்கு. அதுக்கு முன்னால தொட்டா தோஷம் இரட்டிப்பு.”

சனிக்கிழமை ஹோமம், ஞாயிற்றுக்கிழமை அவருக்கு பிரிஸ்பேன் விமானம். குரு பகவானே அந்த டிக்கெட்டைப் பார்த்துத்தான் பார்வையைத் திருப்பியிருக்க வேண்டும். பொத்தானை முதலில் அழுத்திவிட்டால் பிறகு ஹோமத்துக்கு யார் வருவார்கள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

“சாமி, கடைசி நேரம் இன்னைக்கு அஞ்சு மணி...”

“கடைசி நேரம் மனுஷன் போட்டது. நல்ல நேரம் கிரகம் போட்டது. எது பெருசு?”

அலுவலகத்தில் ஒரு நாள் தாமதத்துக்கு மூன்று கூட்டம் போட்டு ஆட்களை வாட்டி எடுக்கிறவன் நான். கைகட்டிக்கொண்டு சொன்னேன்: “கிரகம்தான் சாமி.”

மணி நாலே கால் இருக்கும். ராகேஷிடம் இடத்தை விசாரித்துக்கொண்டு வந்து வாசலில் அபிதா நின்றாள். அவளோடு டோறின்.

டோறின் எங்கள் தெருக்காரி, மன்னார்ப் பெண். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அவள் மகன் ஜொனாதனும் அதே தேர்வு எழுதினான், அதே முட்டை வாங்கினான், அன்று மாலையே தூண்டிலை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விட்டான்.

“அப்பா, பதினோரு தடவை கால் பண்ணேன். அந்த ஆறு நம்பர் கோட் வேணும். ப்ளீஸ்.” அபிதா தமிழில் பேசினாள். அவள் தமிழில் பேசினால் விஷயம் கைமீறிவிட்டது என்று பொருள்.

“நாளைக்குக் காலைலம்மா. பத்தேகாலுக்கு...”

“நாளைக்கு இடம் இருக்காதுப்பா.” அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். மூன்று வருடம் அவள் படித்தது அந்த முகத்தில் தெரிந்தது.

தொண்டரிடம் போய்ச் செல்பேசியைக் கேட்டேன். “பூஜை நடுவுல கூடையைத் தொடக்கூடாதுங்க” என்றார். சாமியின் கால் கூடையின் மேலேயே இருந்தது. பின்னால் இன்னும் இருபது உறைகள்.

டோறின் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “மாரி அண்ணை, பொங்கலுக்கு நீங்கள் கதைச்சதை முழுசாய் இருந்து கேட்டனான். வீணாப் போச்சு” என்றாள். கைப்பையைத் துழாவி ஒரு தாளை எடுத்து உறையில் போட்டு ஒட்டினாள். நேரே வரிசையின் முன்னால் போனாள்.

“சாமி, என்ர கேஸ் அவசரம். இதை ஒருக்காப் பாருங்கோ.”

அவள் கையில் ரொக்கமும் இருந்ததால் சாமி மறுக்கவில்லை. உறை நெற்றிக்குப் போனது. நடுக்கம்.

“ஆண் பிள்ளை.”

“ஓம் எண்டு வையுங்கோ.”

“சோம்பேறி. காலையில எழுப்பினா லேசுல எழுந்திரிக்காது.”

“உண்மைதான் சாமி. குளிருக்கு உயிரே வராது.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பக்கத்தில் வந்து நின்ற ராம்பிரசாத் என் கையில் கிள்ளினான். “பாத்தியா?”

“உடம்புல இடது பக்கம் பலவீனம்.”

“ஐயோ, அச்சொட்டாச் சொல்லுறீங்கள்!”

சாமிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. குரல் ஏறியது. “மேல்தேர்வுல தோல்வி. கேதுவோட வேலை. கவலைப்படாதே தாயே. இன்ஜினியரிங்ல இடம் உறுதி. நாளைக்கு ஹோமத்துக்கு வந்துடு.”

“சபைக்கு முன்னால சொல்லுறீங்கள்தானே?”

“நூறு சபை முன்னால சொல்வேன்!”

டோறின் உறையைத் திரும்ப வாங்கிக் கிழித்தாள். தாளை என்னிடம் நீட்டினாள். “நீங்கள் வாசியுங்கோ அண்ணை. மைக் வேண்டாத குரல்.”

வாசித்தேன். கார் சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ‘வாரன்ட்’ சோதனைத் தாள் அது. “முடிவு: தோல்வி. இடது பின்பக்க பிரேக் விளக்கு எரியவில்லை. இடது முன் டயர் தேய்ந்திருக்கிறது.”

மண்டபம் ஒரு கணம் புரியாமல் விழித்தது.

“என்ர பழைய கார் சாமி” என்றாள் டோறின். “பதினெட்டு வயசுதான் ஆகுது. எந்த யூனிவர்சிட்டி எண்டு சொன்னீங்கள் எண்டால் திங்கட்கிழமை கொண்டுபோய் விடலாம்.”

முதலில் சிரித்தது அபிதா. பிறகு இருதய மருத்துவர். பிறகு மண்டபம்.

சாமியின் முகம் சிவந்தது. “உறையை மாத்திக் கொடுத்தது வஞ்சனை! நம்பிக்கையில்லாத கை பட்டா ஞானப்பார்வை மறைஞ்சிடும்!”

“மறைஞ்ச பார்வைக்கு இடது பக்கம் மட்டும் எப்பிடித் தெரிஞ்சது?”

ராம்பிரசாத் விடவில்லை. அவனும் ஐநூற்று ஒன்று கட்டியவன். “அதை விடுங்க. இதுவரைக்கும் நூத்துக்கு நூறு பேருக்கு இடம் கிடைச்சிருக்கே, அது எப்படி?”

டோறின் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பிய்த்துப் பொடி எழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். “‘பல்கலைக்கழக இடக் கடிதம் ஏற்கெனவே பெற்றவர்களுக்கு மட்டும்.’ இடம் கிடைச்ச பிள்ளைக்கு இடம் கிடைக்கும் எண்டு சொல்ல ஒரு ஆளை பிரிஸ்பேனில இருந்து கூப்பிட வேணுமோ?”

நோட்டீஸை ராம்பிரசாத்தின் கையில் திணித்துவிட்டு டோறின் தொடர்ந்தாள்.

“அந்தச் சோதனை அட்மிஷனுக்குக் கணக்கில்லை. பள்ளிக்கூட ஒஃபிசில நாளுக்குப் பத்துத் தரம் இதைத்தான் நான் கதைக்கிறன். இறுதித் தேர்வில எடுத்த கிரெடிட் புள்ளியளைத்தான் பாப்பினம். இதில முட்டை வாங்கினாலும் ஒண்டுதான், மெடல் வாங்கினாலும் ஒண்டுதான். மாரி அண்ணை, உங்கட பிள்ளைக்கு லெட்டர் வந்த திகதி என்ன?”

“ஜனவரி இருபத்திரண்டு.”

“மார்க் வந்த திகதி?”

“இந்தச் செவ்வாய்க்கிழமை.”

“அப்ப, இன்னும் பிறக்காத மார்க்கைப் பார்த்தோ அவையள் இடம் தந்தவை?”

ப்ராஜெக்ட் மேனேஜருக்கு அட்டவணை வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள். புள்ளிவிவர முனைவர் தன் உறையைப் புடவைத் தலைப்புக்குள் மெதுவாக ஒளித்துக்கொண்டார்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாக்யலட்சுமி எழுந்தார். “சாமி, அப்போ என் பையனுக்குச் செய்ங்க. அவனுக்குத்தானே லெட்டர் வரலை. அவனுக்கு வாங்கிக் கொடுங்க. ரெண்டு பங்கு தர்றேன்.”

சாமி கூரையைப் பார்த்தார். தொண்டரைப் பார்த்தார். “அது... பூர்வ ஜென்ம வினை. அதுல நான் தலையிட முடியாது” என்றார்.

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. உண்மையாகவே உதவி தேவைப்பட்ட ஒரே ஆளை வாசலிலேயே ஓரம் கட்டியிருந்தார்கள். டோறின் அந்த அம்மாவின் கையைப் பிடித்து, “திங்கட்கிழமை ஒஃபிசுக்கு வாங்கோ, குறையிற கிரெடிட்டுக்கு வழி இருக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சாமியின் காலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கூடையை இழுத்தேன்.

மணி நாலே முக்கால்.

கூடையைக் கவிழ்த்தேன். எண்பது செல்பேசிகள் பாயில் சரிந்தன. எல்லாம் கருப்பு. எல்லாம் ஒரே மாதிரி உறை, ஒரே சலுகை விற்பனையில் வாங்கியது. எல்லாம் சத்தமில்லாமல் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து முகத்தைக் காட்டினேன். ஒன்பது செல்பேசிகள் என்னை நம்ப மறுத்தன. அன்றைக்கு அந்த மண்டபத்தில் அவற்றுக்குத்தான் புத்தி இருந்தது. பத்தாவது என்னுடையது. அதுவும் இரண்டு முறை யோசித்தே திறந்தது.

“கோட், அப்பா!”

அவள் முதலில் கேட்டிருந்த எண் காலாவதியாகியிருந்தது. மறுபடி கேட்டாள். வரவில்லை. மண்டபத்தின் சுவருக்குள் சிக்னல் ஒற்றைக் கோடு. இருவரும் வாசலுக்கு ஓடினோம். கார் நிறுத்தத்தில் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்த்தவர்கள் சூரிய நமஸ்காரம் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பத்து நொடியில் எந்தக் கிரகத்தையும் நான் வேண்டவில்லை. பக்கத்துச் செல்பேசிக் கோபுரத்தை வேண்டினேன்.

எண் வந்தது. படித்தேன். நான்கு ஐம்பத்தேழுக்கு அபிதா பொத்தானை அழுத்தினாள். ‘நன்றி. உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது.’

அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். இன்னும் ஒரு எண் வரும் என்று என் செல்பேசியை வாங்கினாள். தன்னுடையதில் கணக்கின் அமைப்புகளுக்குள் போனாள். என் எண்ணை நீக்கினாள். தன் எண்ணைப் போட்டாள். செல்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நான் டோறின் ஆன்ட்டியோட போறேன்” என்றாள். வாரன்ட்டில் தோற்ற வண்டி நான் ஓட்டுவதைவிடப் பாதுகாப்பானது என்று நினைத்திருக்கிறாள். கணக்குத் தெரிந்த பெண்.

உள்ளே போனேன். பாதிப்பேர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். மீதிப்பேர் தட்சணையைத் திரும்பக் கேட்டு நெருக்கினார்கள். “எல்லாருக்கும் இடம் கிடைச்சாச்சே, எதுக்கு வாபஸ்?” என்றார் தொண்டர். நிபந்தனைப்படி அது சரி. பின்கதவு வழியாகச் சாமி தன் காரை எட்டியிருந்தார்.

ராம்பிரசாத் அருகில் வந்தான். ராகேஷுக்கான பொத்தானை அவனும் அழுத்தியிருந்தான். குரலைத் தாழ்த்தினான். “மாரி, எல்லாம் ஏமாத்துதான். ஒத்துக்கறேன். ஆனா பணம் கட்டியாச்சே. நாளைக்கு ஹோமம் நடந்தா ஒரு எட்டு போய்ட்டு வந்துடுவமா?”

அடுத்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பிரிஸ்பேனில் புறப்பட்டு, சிட்னியைச் சுற்றி வந்திருந்தது. ‘ஆக்லாந்தில் ஒரு பெண். கணக்கில் முட்டை. சுவாமிகள் உறையைத் தொட்ட அன்று மாலையே, மூன்று நிமிடம் மிச்சம் இருக்கையில், பொறியியல் இடம் உறுதியானது. தந்தை ஒரு நாத்திகர்!’ அதற்குக் கீழே நாற்பத்தொரு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். நாற்பது நிமிடத்துக்கான சரக்கு நெஞ்சில் திரண்டது. அழித்துவிட்டு, நாலே வரி அனுப்பினேன்.

‘அந்த நாத்திகன் நான்தான். முட்டாள் என்று திருத்திக்கொள்ளுங்கள். இடம் தந்தது ஜனவரி இருபத்திரண்டு, மார்க் வந்தது பிப்ரவரி, சாமி வந்தது அதற்கும் பிறகு. நாள் பார்ப்பதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள்.’